முயற்சிக் குற்றம்: ஒரு சம்பவத்தைப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

குற்றம் செய்யக் கிளம்பியவர் பாதியில் மாட்டிக்கொள்கிறார். தண்டிக்கலாமா? வெறும் நினைப்புக்குத் தண்டனை கிடையாது. ஆயத்தத்துக்கும் பெரும்பாலும் கிடையாது; கூட்டுக்கொள்ளைக்கு ஆயத்தமாவது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. முயற்சி என்றால் தண்டனை உண்டு. எனவே ஆயத்தத்துக்கும் முயற்சிக்கும் நடுவே கோடு எங்கே போடுவது என்பதுதான் சிக்கல்.

படி 1: பிரிவைப் பிடியுங்கள். சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முந்தையது என்றால் இந்திய தண்டனைச் சட்டம். அன்றோ பிறகோ என்றால் பாரதிய நியாய சன்ஹிதா. கொலை முயற்சிக்குத் தனிப் பிரிவு இருக்கிறது: பழையதில் 307, புதியதில் 109. அப்படித் தனிப் பிரிவு இல்லாத, சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களுக்குப் பொதுப் பிரிவு: பழைய 511, இப்போது 62.

படி 2: நடந்ததை வரிசையாக எழுதி, ஆயத்தம் எங்கே முடிகிறது என்று பாருங்கள். பட்டதாரி என்று பொய் சொல்லி பாட்னா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தேர்வெழுத அனுமதி வாங்கினார் ஒருவர். தேர்வுக்கு முன்பே குட்டு வெளிப்பட்டது. விண்ணப்பத்தை அனுப்பியபோதே ஆயத்தம் முடிந்து முயற்சி தொடங்கிவிட்டது என்றது உச்ச நீதிமன்றம் (அபயானந்த் மிஸ்ரா வழக்கு, 1961). கடைசிக்கு முந்தைய செயல் வரை போயிருக்க வேண்டியதில்லை.

படி 3: இன்னும் மனம் மாறித் திரும்பியிருக்க முடியுமா? மல்கியத் சிங் வழக்கில், பஞ்சாபிலிருந்து தடையை மீறி நெல் ஏற்றி வந்த லாரி டெல்லிக்கு 32 மைல் முன்னால் சமால்காவில் பிடிபட்டது. எல்லையைத் தாண்டாமல் திரும்பியிருக்கலாம், ஆகவே இது ஆயத்தம் மட்டுமே என்பது தீர்ப்பு. இந்தச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள் என்பேன். கடைசி நொடி வரை யார்தான் மனம் மாற முடியாது? 1884-இல், தற்கொலைக்காகக் கிணற்றை நோக்கி ஓடும்போது பிடிபட்ட பெண்ணைச் சென்னை உயர் நீதிமன்றம் இதே காரணத்தால்தான் விடுவித்தது.

படி 4: செயலே நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறதா? எனக்கு இதுதான் உறுதியான அளவுகோல். முகமது யாகூப் வழக்கில் (1980) இரவு நேரத்தில் வெள்ளிக் கட்டிகளோடு வந்த வண்டிகள் மும்பைக்கு அருகே வசாயில் ஒரு கழிமுகத்தோரம் நின்றன. சரக்கை இறக்கத் தொடங்கியிருந்தார்கள். படகு இயந்திரச் சத்தமும் கேட்டது. கட்டிகள் படகில் ஏறவே இல்லை. இருந்தும் அது வெளிநாட்டுக்குக் கடத்தும் முயற்சிதான் என்றது உச்ச நீதிமன்றம். நீதிபதி சின்னப்ப ரெட்டி சொன்ன விளக்கத்தைக் கவனியுங்கள்: அந்த வெள்ளி லாரி வழியிலேயே பிடிபட்டிருந்தால் ஆயத்தம் என்று மட்டுமே ஊகிக்க முடிந்திருக்கும், வெள்ளியை உள்நாட்டிலேயே வேறெங்காவது கொண்டுபோயிருக்கலாம் அல்லவா? குற்றத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை நேரத்தையும் செயலையும் வைத்து அளக்காமல் நோக்கத்தை வைத்து அளக்கிறார். நெல் லாரி வழக்கையும் இதையும் அடுத்தடுத்துப் படித்தால் வித்தியாசம் பிடிபடும்.

படி 5: நினைத்தது நடக்கவே முடியாததா? அப்போதும் தப்ப முடியாது. திருட நினைத்துக் கையை நுழைத்த சட்டைப்பை காலியாக இருந்தாலும் முயற்சிதான். சட்டப் பிரிவே தரும் எடுத்துக்காட்டு இது.

படி 6: தண்டனை. பொதுப் பிரிவின்படி, அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சச் சிறைக் காலத்தில் பாதி வரை விதிக்கலாம். சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு என்றால் முயற்சிக்கு ஒன்றரை ஆண்டு வரை. அல்லது அபராதம், அல்லது இரண்டும்.