சாம்பல் நோய் மருந்துக்கு அடங்கவில்லையா? ரோஜாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம் பாலிஹவுஸ் ரோஜாவில் புதிதாக இறங்கியவர்கள், முன்பு எங்களில் பலர் பட்ட அதே அடியைத்தான் இப்போது படுகிறார்கள். முகக்கவசம் போடுங்கள், வெயிலில் அடிக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். சாம்பல் நோயை உண்டாக்கும் பூஞ்சைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாததால் வரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மருந்துதான் பூஞ்சையை மாற்றிவிட்டது என்று நினைப்பது

கோடிக்கணக்கான வித்துகளில் ஒன்றிரண்டின் மரபணுவில், மருந்துக்கு அடங்காதபடி, திடீர்மாற்றம் தானாகவே நடந்திருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது. அவ்வளவுதான்.

டப்பாவை மாற்றிவிட்டு மருந்தை மாற்றியதாக நம்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரவைப்பது இதுதான். தளிப் பக்கம் ஒரு தம்பி, பிப்ரவரி 14-ஐக் கணக்கு வைத்துக் கவாத்து செய்திருந்தார். ஜனவரிப் பனியில் இளம் இலைகள் சுருண்டு, மொட்டுக் காம்பெல்லாம் மாவு தூவினாற்போல வெளுத்துக் கிடந்தது. "அண்ணா, வாராவாரம் மாத்தி மாத்தித்தான் அடிக்கிறேன், கேக்கவே மாட்டேங்குது" என்றார். டப்பாக்களை வாங்கிப் பார்த்தேன். மூன்று கம்பெனி, மூன்று நிறம். ஆனால் பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒன்றில் அசாக்ஸிஸ்ட்ரோபின், டெபுகோனசோல். அடுத்ததில் ட்ரைஃப்ளாக்ஸிஸ்ட்ரோபின், அதே டெபுகோனசோல். மூன்றாவதில் கிரெசாக்சிம் மீதைல். "இது வேற, ரிசல்ட் நல்லாருக்கும்" என்று சொல்லிக் கடையில் கொடுத்திருக்கிறார்கள்!

ஸ்ட்ரோபின் வகை மருந்துகள் எல்லாமே, கிரெசாக்சிம் உட்பட, பூஞ்சையின் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் பி என்ற புரதத்தின் ஒரே பள்ளத்தில் போய் உட்கார்ந்து சுவாச நொதியை நிறுத்துகின்றன. அந்தப் புரதத்தின் 143-ஆவது இடத்தில் இருப்பது கிளைசின் என்ற அமினோ அமிலம். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் அங்கே அலனின் வந்துவிடும். அதில் கூடுதலாக இருக்கும் சின்ன மீத்தைல் தொகுதி மருந்தை உள்ளே விடாது. நொதியோ தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இந்த வகை 1996-இல் ஐரோப்பாவில் சந்தைக்கு வந்தது. 1998-லேயே ஜெர்மனியில் கோதுமைச் சாம்பல் நோய் அதற்கு அடங்க மறுத்துவிட்டது.

தம்பி தோட்டத்துப் பூஞ்சையை யாரும் ஆய்வகத்தில் சோதிக்கவில்லை. ஆனால் அவர் செய்தது சுழற்சியே இல்லை என்பதில் சந்தேகமில்லை. ஏற்றுமதிக்கு வளர்த்த பூவில் பெரும்பகுதி உள்ளூர் மார்க்கெட்டில் கேட்ட விலைக்குப் போனது.

செய்ய வேண்டியது இதுதான்: கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு ஃப்ராக் (FRAC) எண்ணை, அதாவது மருந்து பூஞ்சையை எப்படித் தாக்குகிறது என்பதை வைத்துக் கொடுத்த குழு எண்ணைப் பாருங்கள். ஸ்ட்ரோபின்களுக்கு 11, கோனசோல்களுக்கு 3, ஃப்ளூவோபைரம், ஃப்ளக்ஸாபைராக்சாட் போன்றவற்றுக்கு 7. அடுத்தடுத்த தெளிப்பில் எண் மாற வேண்டும். கலவை மருந்து என்றால் இரண்டு எண்களையும் பாருங்கள்.

டோஸில் கை வைப்பது

கோனசோல்கள் தாக்குவது, பூஞ்சையின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெராலைத் தயாரிக்கும் நொதியை. இங்கே எதிர்ப்பு படிப்படியாக ஏறும். நொதியின் அமைப்பு மாறினால் கொஞ்சம், பூஞ்சை அந்த நொதியை அதிகமாகத் தயாரித்தால் இன்னும் கொஞ்சம். சிக்கனம் பார்த்துப் பாதி டோஸ் அடித்தால், அரைகுறை எதிர்ப்பு உள்ளவை பிழைத்துப் பெருகும். லேபிளில் உள்ள அளவையே அடியுங்கள். 11-இன் கதை வேறு. 143 மாறிவிட்டால் இரட்டை டோஸும் தண்டம்தான்.

அடிச்சாம்பல் நோய்க்குக் (டவுனி மில்டியூ) கோனசோல் அடிப்பது

வேண்டாம். அந்தக் கிருமி உண்மையான பூஞ்சையே இல்லை. எர்கோஸ்டெராலை அது தயாரிப்பதும் இல்லை.

கந்தகத்தைப் பழைய சரக்கு என்று ஒதுக்குவது

கந்தகம் ஒரே சமயத்தில் பல நொதிகளைத் தாக்குகிறது. ஒரு மரபணு மாறினால் மட்டும் பூஞ்சை அதனிடமிருந்து தப்பிவிட முடியாது. சுழற்சியில் அதற்கு ஓர் இடம் கட்டாயம் கொடுங்கள். ஓசூர்க் குளிருக்குப் பயமில்லை, கோடை வெயிலில் அடித்தால் இலை கருகும். மொட்டு நிறம் காட்டிய பிறகு அடித்தால் இதழில் கறை நிற்கும். அதனால் கவாத்துக்குப் பின் தளிர் விடும்போதே முடித்துவிடுங்கள்.