ஆங்கில ஆசிரியர்களே, சான்றிதழை எண்ணாதீர்கள்

ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிப்பவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு, பயிற்சிகளைச் சேர்த்துக்கொண்டே போவது. இந்த மாதம் ஒரு வெபினார், அடுத்த மாதம் ஒரு பயிலரங்கு. கோப்பு தடிக்கிறது, வகுப்போ பழையபடியே நடக்கிறது. ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்காகக் கேம்பிரிட்ஜ் சான்றிதழ் தரும் செல்டா (CELTA) படிப்பைப் பாருங்கள். ஏறத்தாழ 120 மணி நேரப் படிப்பு அது. அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். பயிற்றுநர் உட்கார்ந்து பார்த்துக் கருத்துச் சொல்வார். படிப்பின் உயிரே அந்த 6 மணி நேரம்தான் என்பேன். வேலைக்கு வந்ததும் நாம் முதலில் கைவிடுவதும் இப்படி ஒருவர் பார்த்துக் கருத்துச் சொல்வதைத்தான்.

பார்க்க ஆள் இல்லையா? சரி, மாணவர்களிடம் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். சொந்தக் குரலைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேள்வி கேட்டபின் எத்தனை நொடி காத்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் ஏறக்குறைய ஒரு நொடிதான் பொறுத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் விடைகள் நீண்டன. வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். அயல்மொழியில் சொல்லைத் தேடி, வாக்கியமாகக் கோத்து, உச்சரிப்பையும் யோசிக்கும் பிள்ளைக்கு அந்த மூன்று நொடி இன்னும் அவசியம் இல்லையா?

சக ஆசிரியரை வகுப்புக்கு அழைத்துவிட்டு, "எப்படி இருந்தது?" என்று கேட்பதும் வீண். "நல்லா இருந்தது" என்ற பதில்தான் வரும். "பின்வரிசையில் யார் யார் ஆங்கிலத்தில் பேசினார்கள் என்று குறித்துக் கொடுங்கள்" என்று முன்கூட்டியே கேளுங்கள். அந்தக் குறிப்பு மேலதிகாரியின் மதிப்பீட்டுக்குப் போகக் கூடாது. போனால், எல்லோரும் ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் நடத்திக் காட்டுவார்கள்.

பயிலரங்கில் சொன்னதெல்லாம் நிரூபணமானது என்று நம்புவது இன்னொரு தவறு. மாணவர்களைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரித்துக் கற்பிக்கச் சொல்வதை இன்றும் கேட்கிறோம். 2008-இல் உளவியலாளர்கள் நால்வர் அதற்கான ஆய்வுகளை அலசி, போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

அப்புறம், நம் சொந்த ஆங்கிலம். தொடக்கநிலை மாணவர்களோடு ஆண்டுக்கணக்கில் எளிய வாக்கியங்களையே பேசினால் நம் மொழியும் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். பாடநூலுக்கு வெளியே தினமும் கொஞ்சம் படியுங்கள். வாரம் ஒரு பக்கமாவது எழுதி, நன்றாக ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் திருத்தக் கொடுங்கள்.