சிப்பிக்குள் பெர்கின்சஸ் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

பாலிடெக்னிக் ப்ராஜெக்டுக்காகச் சிப்பியைத் திறந்ததும் உள்ளே குட்டி நண்டைப் பார்த்துவிட்டு, கிடைத்தாச்சு என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதுவும் ஒட்டுண்ணிதான், ஆனால் சிப்பியையும் மட்டியையும் கூட்டமாகச் சாகடிக்கிற பெர்கின்சஸ் ஒரே செல்லால் ஆன ஒட்டுண்ணி, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க அமெரிக்க ஆய்வாளர் சேமி ரே 1952இல் சொன்ன தையோகிளைக்கலேட் முறையே போதும்.

சிங்கப்பூரில் புலாவ் உபின் தீவுக் கரையான செக் ஜாவாவில் போய்ப் பொறுக்காதீர்கள், அனுமதியில்லாமல் எடுக்கக்கூடாது. தேக்கா மார்க்கெட்டில் வாங்கினால் எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்றே தெரியாது. ஜொகூர் நீரிணையில் கேலோங் (கடல் பண்ணை) வைத்திருப்பவர் யாரிடமாவது கேட்டு, கயிற்றில் வளர்க்கும் பச்சைச் சிப்பியாக வாங்குங்கள். அங்கேயே தண்ணீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இது இல்லாமல் வரும் முடிவு என்னைக் கேட்டால் பாதி முடிவுதான்.

ஏனென்றால், அமெரிக்கக் கிழக்குக் கரையில் குளிர்காலம் வந்தால் இந்த நோய் தணியும், கோடையில் ஏறும். நம் கடல் வருடம் முழுக்க ஏறக்குறைய 27 முதல் 31 டிகிரி, அதாவது ஒட்டுண்ணிக்கு லீவே கிடையாது. இங்கே பெரிதாக மாறுவது உப்புதான். உப்பு நன்றாகக் குறைந்தால் அதன் வளர்ச்சி மந்தமாகும், ஆனால் செத்துவிடாது. அதற்காக மழைக்குப் பிறகு சிப்பி செத்தால் உடனே ஒட்டுண்ணி மேல் பழி போடவும் வேண்டாம்: 2006 கடைசியில் ஜொகூரில் பெருவெள்ளம் வந்து, 2007 தொடக்கத்தில் செக் ஜாவாவில் ஏராளமான உயிர்கள் செத்ததற்கு நல்ல தண்ணீர் கலந்ததுதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

சரி, வேலைக்கு வருவோம். செவுளிலும் மேன்டிலிலும் (ஓட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சதைப் போர்வை) சின்னத் துண்டு வெட்டி, கடல்நீரில் தயாரித்த தையோகிளைக்கலேட் கரைசலில் போடுங்கள். பாக்டீரியா, பூஞ்சை இரண்டுக்கும் மருந்து சேர்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுகி நாறும். இருட்டில், அறை வெப்பத்தில் 5 முதல் 7 நாள் விடுங்கள், அதற்குள் ஒட்டுண்ணியின் செல்கள் உப்பிப் பெரிதாகிவிடும். அப்புறம் ஸ்லைடில் வைத்துப் பிளேடால் பொடியாக நறுக்கி, லூகால் அயோடின் சில சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். கருநீல உருண்டைகள் தெரிந்தால் பெர்கின்சஸ். எந்த இனம் என்று சொல்ல பிசிஆர் என்ற டிஎன்ஏ சோதனை வேண்டும்.

இது மனிதரைத் தொற்றாது. அரைவேக்காட்டுக் கெராங்கில் (ஒருவகை மட்டி) பயப்பட வேண்டியது கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸ், அது வேறு கதை.

மிச்சத்தை மட்டும் கடலில் வீசாதீர்கள், செத்த சிப்பியிலிருந்து ஒட்டுண்ணி தண்ணீரில் பரவும். பிளீச்சில் ஊறவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.