பட்டன் ரோஜாவைத் தொட்டி மாற்ற ஒரு காலித் தொட்டி போதும்

பட்டன் ரோஜாவைப் பெரிய தொட்டிக்கு மாற்றும்போது, செடி இப்போது இருக்கும் தொட்டியின் அளவிலேயே ஒரு காலித் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். புதியதன் அடியில் கொஞ்சம் மண்கலவை போட்டு, அதன்மேல் நடுவில் காலித் தொட்டியை வைத்து, சுற்றிலும் மண்கலவையை நிரப்பி அழுத்துங்கள். பிறகு அதை லேசாகத் திருகி உருவினால், அச்சில் வார்த்ததுபோல் குழி நிற்கும். செடியை வேர்மண்ணோடு அதில் இறக்கித் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஒரு கையில் முள்செடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மண் தள்ளும் அவஸ்தை இதில் இல்லை. வேர்மண் உதிராததால் மெல்லிய வேர்கள் அறுபடுவதில்லை. செடியும் முன்பிருந்த ஆழத்திலேயே அமர்கிறது. கலவை மட்டும் ஈரப்பதமாக இருக்க வேண்டும்: கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். காய்ந்த மண்ணில் குழி சரிந்துவிடும்.

வேர்கள் தொட்டியின் அடியில் பாய் பின்னியதுபோல் சுருண்டிருந்தால் இந்த முறை உதவாது. அவற்றை விரலால் பிரித்துவிட்டுத்தான் நட வேண்டும். புதராகத் தெரியட்டும் என்று ஒரே தொட்டியில் மூன்று நான்கு பதியன்களை நெருக்கி நட்டு விற்பதும் உண்டு. அப்படி வாங்கியதைத் தனித்தனியாகப் பிரிப்பதானால் இந்த அச்சுக்கு வேலையே இல்லை.