கால் பிசகினால் உள்ளே என்ன ஆகிறது? விரலால் தொட்டே தெரிந்துகொள்ளலாம்

மும்பையில் மழை தொடங்கிவிட்டால் கால் பிசகுவதற்குக் காரணம் தேட வேண்டாம். தாதர் பாலத்தின் ஈரப் படிகள், லோக்கல் ரயில் நிற்பதற்குள் இறங்கும் அவசரம், தாராவிச் சந்தில் சாக்கடைமேல் ஆடும் கல் என்று ஏதாவது ஒன்று அமைந்துவிடும். மாட்டுங்காவில் பக்கத்து வீட்டு மாமி தைலத்தோடு வருவதற்கு முன், நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் நல்ல காலைத் தொட்டுப் பாருங்கள்.

முதலில் எலும்பு. கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் முண்டுகளைத் தடவுங்கள். வெளிமுண்டு சற்றுக் கீழே இறங்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் டேலஸ் என்ற எலும்பு இருக்கிறது. அதில் ஒரு தசைகூட ஒட்டியிருப்பதில்லை. எலும்புகளின் பொருத்தமும், எலும்போடு எலும்பைக் கட்டும் நார்களான ஜவ்வுகளும்தான் அதை நிறுத்தி வைக்கின்றன. டேலஸின் முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதத்தை மேலே மடக்கினால் அகலமான பக்கம் முண்டுகளுக்கு நடுவே ஆப்பு அடித்ததுபோல் இறுகும். விரல்நுனியைக் கீழே நீட்டினால் பிடி தளரும். படியிறங்கும்போது எளிதில் பிசகுவது இதனால்தான்.

அடுத்து ஜவ்வுகள். வெளிமுண்டின் முன் ஓரத்தில் விரல் வையுங்கள். அங்கிருந்து டேலஸுக்குப் போகும் ஜவ்வுதான் வெளிப்பக்கத்தில் வலுக் குறைந்தது. பாதம் உள்நோக்கி மடங்கினால் பெரும்பாலும் முதலில் கிழிவது இதுவே. கிழிந்தால் டேலஸ் முன்பக்கமாக நழுவப் பார்க்கும்.

இப்போது விரலை முண்டின் நுனிக்கு இறக்குங்கள். அங்கே தொடங்கும் இன்னொரு ஜவ்வு குதிகால் எலும்புக்குச் சரிந்து இறங்குகிறது. வழியில் அது கணுக்கால் மூட்டோடு, டேலஸும் குதிகால் எலும்பும் சேரும் கீழ்மூட்டையும் தாண்டுகிறது. மேல்மூட்டு பாதத்தை மேலும் கீழும் அசைக்கிறது. கீழ்மூட்டு பக்கவாட்டில் சாய்க்கிறது. இந்த ஒரு ஜவ்வு அறுந்தால் இரண்டு மூட்டுமே ஆட்டம் காணலாம். "சமதரையில் நன்றாக நடக்கிறேன், மேடுபள்ளத்தில்தான் பயம்" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் கீழ்மூட்டின் மேல்தான் சந்தேகம் வரும்.

வெளிமுண்டுக்குச் சற்று முன்னால் ஒரு குழி தட்டுப்படுகிறதா? கீழ்மூட்டுக்கே உரிய ஜவ்வுகள் அதன் ஆழத்தில் இருக்கின்றன. மாதக்கணக்கில் அங்கே வலித்தால், மருத்துவரிடம் "கணுக்கால் வலி" என்று பொதுவாகச் சொல்லாமல் அந்தக் குழியையே தொட்டுக் காட்டுங்கள்.

வெளிமுண்டின் மூன்றாவது ஜவ்வு பின்பக்கம் இருக்கிறது. அது தனியாக அறுவது அபூர்வம். உள்முண்டுக்குக் கீழே இருப்பது தடித்தது, லேசில் கிழியாது.

பிசகிய அன்று. எண்ணெய் போட்டு நீவுவதை விடுங்கள். எலும்பு முறிந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் வெளியான விதிகளை உலகமெங்கும் மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். பிசகிய உடனேயும் மருத்துவமனையிலும் நொண்டியாவது 4 அடி வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே வேண்டும். இரு முண்டுகளில் எதன் நுனியிலோ, அதன் பின் ஓரத்தில் மேல்நோக்கி 6 செ.மீ. வரையிலோ எலும்பை அழுத்தினால் வலித்தாலும் வேண்டும். பாதத்தின் வெளியோரத்தில் நடுவாக்கில், சுண்டுவிரலுக்குப் போகும் நீண்ட எலும்பின் அடிப்பகுதியையும் அழுத்திப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். முறிவு இல்லையென்றால் கட்டுப் போட்டுக் காலை உயர்த்தி வையுங்கள். ஜவ்வு எவ்வளவு கிழிந்திருக்கிறது என்று மருத்துவர் கையால் இழுத்துப் பார்க்கும் சோதனை, வீக்கம் சற்று வடிந்து 4, 5 நாட்கள் ஆன பிறகுதான் தெளிவாகச் சொல்லும்.

வலி போன பிறகு. பலரும் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். பாதம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்ற சேதியை மூளைக்கு அனுப்பும் நரம்பு நுனிகளும் ஜவ்வில் உண்டு. அதனால் கிழிந்த ஜவ்வு ஆறினாலும் கால் தடுமாறலாம். சுவரோரமாக ஒற்றைக் காலில் நின்று இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நிதானம் வந்ததும் கண்ணை மூடியும், பிறகு மடித்த போர்வைமேலும் நில்லுங்கள். ரப்பர் பட்டையை மாட்டிப் பாதத்தை வெளிப்பக்கம் தள்ளிப் பழகினால், பாதம் உள்ளே மடங்கும்போது தடுக்கும் தசைகள் வலுப்பெறும்.

பல மாதம் முறையாகப் பழகியும் கால் அடிக்கடி மடங்கினால் அறுவைசிகிச்சை பற்றிப் பேசலாம். கிழிந்த ஜவ்வையே இழுத்துத் தைக்கும் புரோஸ்ட்ராம் முறை 1966 முதல் இருக்கிறது. கீழ்மூட்டும் ஆடுகிறதா என்பதை அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.