டிரில் மெஷினில் பொறி பறந்தது: கார்பன் பிரஷ் மாற்றிய அனுபவம்

வீட்டு டிரில் மெஷின் சுவரில் துளை போடும்போது விட்டு விட்டு ஓடியது. காற்றுத் துளை வழியாகப் பொறி பறந்தது, கருகிய வாடையும் வந்தது. இப்படி வந்தால் மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். முதலில் கார்பன் பிரஷ்ஷை, அதாவது மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் சிறு கரித்துண்டுகளைப் பாருங்கள்.

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைத்தேன். இருபுறமும் உள்ள வட்ட மூடிகளை ஸ்குரூடிரைவரால் திருகியதும் ஸ்பிரிங்கோடு பிரஷ் வெளியே வந்தது. ஒன்று 5 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்து, முனை ஓரத்தில் உடைந்திருந்தது. மோட்டாரோடு சேர்ந்து சுழலும் செம்பு உருளையான கம்யூட்டேட்டர் மேல் அது சரியாக அழுந்தாததால்தான் அத்தனை பொறி. பழையதைக் கடைக்குக் கையோடு கொண்டுபோய் அதே அளவில் ஜோடியாக வாங்கினேன். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லையென்றால் அழுத்தம் ஒரே சீராக இருக்காது. உள்ளே படிந்த கரித்தூளையும் காய்ந்த தூரிகையால் தட்டி எடுத்தேன்.

மாட்டியதும் நேரே சுவரில் வைக்காமல் சில நிமிடம் சும்மா ஓடவிட்டேன். கார்பன் முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பப் படிய வேண்டும் அல்லவா? முதலில் தெரிந்த சிறு பொறி அப்புறம் அடங்கிவிட்டது. ஓட்டிப் பார்க்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். துணிக் கையுறை மட்டும் வேண்டவே வேண்டாம், சுழலும் பிட் அதைக் கையோடு சேர்த்துச் சுருட்டி இழுத்துவிடும்.