கொடுமணல் கீறலும் திருப்பூர் பனியனும்: பழங்கலை டிசைனில் சறுக்கும் இடங்கள்

குமிட்டிபதி பாறை ஓவியத்தின் வெள்ளை யானை, சங்ககால ஊரான கொடுமணலின் பானைக் குறியீடு, அரச்சலூர் இசைக் கல்வெட்டு, பேரூர் கோயிலின் கனகசபைத் தூண். நான்கையும் ஒரே டி-ஷர்ட்டில் திணிப்பதுதான் கொங்குப் பக்கம் அதிகம் கண்ணில் படுகிற தவறு. ஒரு உடுப்புக்கு ஒன்று போதும். காலத்தையும் குழப்பக் கூடாது: பேரூர்க் கனகசபை 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் பணி. அதன் மேல் ‘சங்ககாலக் கலை’ என்று டேக் கட்டினால் விவரம் தெரிந்தவர் சிரித்துவிட்டுப் போவார்.

பானைக் குறியீடு ஓட்டில் கூர்முனையால் கீறியது. கோடு ஓரிடத்தில் ஆழம், ஓரிடத்தில் மெலிவு. கம்ப்யூட்டரில் ஒரே தடிமனாக இழுத்துவிட்டால் அது ஏதோ கம்பெனி லோகோ போலாகிவிடும். மெலிவைக் காட்டுகிறேன் என்று மயிரிழையாகவும் விடாதீர்கள். கறுப்புத் துணியில் வெள்ளை மையை இரண்டு முறை அடிக்க வேண்டியிருக்கும். அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த கோடு இரண்டாம் அடியில் விலகி, ஓரம் இரட்டையாகத் தெரியும்.

அதிகப் பணம் போவது சிவப்பில்தான். கொடுமணலில் கிடைத்த, வெண்கோடு போட்ட சூதுபவள மணிகளைப் பார்த்ததும் சிவப்புத் துணியில் வெள்ளைப் பிரிண்ட் என்று தோன்றுவது இயல்பு. துணியில் பாலியஸ்டர் கலந்திருந்தால் மையைக் காய வைக்கும் 160 டிகிரி க்யூரிங் சூட்டில் அந்தச் சாயம் ஆவியாகி மைக்குள் ஏறும். மெஷினை விட்டு வரும்போது பளிச்சென்ற வெள்ளை. பெட்டிக்குள் இரண்டு நாள் கிடந்தால் ரோஸ். முழுப் பருத்தி எடுங்கள். கலப்புத் துணிதான் என்றால் அடியில் சாம்பல் நிறத் தடுப்பு மை அடித்து, குறைந்த சூட்டில் காயும் வெள்ளையை மேலே அடியுங்கள். சாம்பிளை அன்றே பார்த்து ஓகே சொல்லாமல், இரண்டு நாள் மடித்து வைத்துப் பிரியுங்கள்.

வட்டத் தாமரை போன்ற உருவங்களுக்கு எதிரி சுருக்கம். சரியாகக் காம்பாக்டிங் (துணியை முன்கூட்டியே சுருக்கிவிடும் வேலை) ஆகாத சிங்கிள் ஜெர்சி பனியன் துணி நீளத்தில் 6, அகலத்தில் 2 சதவீதம் சுருங்குகிறது என்று வையுங்கள். 20 செ.மீ. வட்டம், உயரம் 18.8, அகலம் 19.6 என்று சப்பையாகிவிடும். மூன்று முறை துவைத்த துணியில் அளவெடுத்த பிறகே ஆர்ட்வொர்க்கை முடிவு செய்யுங்கள்.

யானையைத் துணி முழுக்க ரோட்டரியில் (உருளை ஸ்கிரீன் அச்சு) ஓட்டுவதானால், வழக்கமான ஸ்கிரீனின் சுற்றளவு 64 செ.மீ. ரிப்பீட், அதாவது டிசைன் திரும்ப வரும் இடைவெளி, 16 அல்லது 32 என்றால் அடங்கும். 20 என்றால் மூன்று வரிசை போக 4 செ.மீ. மிஞ்சி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெற்றுப் பட்டை விழும். யானைகளெல்லாம் ஒரே திசையில் நிற்கும் டிசைனில் கட்டிங் பீஸ்களைத் தலைகீழாகத் திருப்பி அடுக்கவும் வழியில்லை. துணி கூடுதலாகப் பிடிக்கும், அதைக் கொட்டேஷனிலேயே சேர்த்துவிடுங்கள்.

தெய்வ உருவம் இடுப்புக்குக் கீழே வேண்டாம். இதற்கு விளக்கம் தேவையில்லை.

அரச்சலூர்க் கல்வெட்டில் எழுத்துகள் வரிக்கு ஐந்தாக ஐந்து வரி; எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒத்து வரும் அடுக்கு. இடம் பத்தவில்லை என்று ஒரு வரியை வெட்டினால் அடுக்கே குலைந்துவிடும். தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்து அது. அசோகர் பிராமி அட்டவணையைப் பார்த்து வரைந்தால் பொருந்தாது. ஸ்கிரீன் எடுக்க வைக்கும் டிசைன் ஃபிலிம் திரும்பிவிட்டால் அந்த எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல இடவலமாக விழும். பழக்கமில்லாத எழுத்து என்பதால் செக்கிங் டேபிளில் யாருக்கும் தெரியாது. ஸ்கிரீன் எடுக்கும் முன் ஃபிலிமின் மூலையில் இன்றைய தமிழில் ‘மேல்’ என்று சின்னதாக எழுதிவிட்டால், திரும்பியிருப்பது பார்த்த உடனே தெரிந்துவிடும்.